சங்கச் செய்யுளிற் கூகை

நற்றிணையின் 83ஆம் பாட்டை முதுகலை வகுப்பிற் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தபொழுது மாணாக்கர் ஒருவர் எழுந்து, "ஐயா, இந்தக் கூகை எந்த ஆந்தை?" என்று வினவினார். அவர் திருக்கழுக்குன்றத்தை அடுத்த சிற்றூரினர். தம் ஊரில் ஆந்தை நான்கைந்து வகை உண்டென்றும், ஒவ்வொன்றின் குரலும் வேறென்றும் அவர் கூறினார். யாம் "ஒருவகை ஆந்தை" என்று விடையிறுத்தோம். அவர் அமர்ந்துவிட்டார். ஆயினும் அவ்விடை அவருக்கு நிறைவு தரவில்லை என்பதை அவர் முகமே காட்டிற்று. எமக்கும் அது நிறைவு தரவில்லை. இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் அவ்வினாவே.

புள்ளும் மரமும் பூவும் வருமிடங்களில் 'ஒருவகைப் புள்', 'ஒருவகை மரம்' என்று எழுதிச் செல்லுதல் நம் உரைமரபு. பழைய உரையாசிரியர்க்கு அது குறையன்று. அவர்காலத்துக் கற்போர் வீட்டு வாயிலிலேயே அப்புள் இருந்தது. பெயர் கூறின் போதும், உருவும் குரலும் தாமே நினைவிற்கு வரும். இன்றோ பெயர் ஏட்டில் நிற்கின்றது. புள் எங்கோ நிற்கின்றது. இரண்டையும் இணைத்துக் காட்டும் கடமை உரை சொல்வார்க்கு உண்டு. அக்கடமையை உணர்ந்து பி. எல். சாமி 1976இல் வெளியிட்ட 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' தமிழாய்வுக்குப் புதிய வழி ஒன்றைத் திறந்தது. எனினும் அவ்வழியே சென்றார் சிலரே. பலர் அந்நூலிலிருந்து ஒரு பெயரை எடுத்து அடிக்குறிப்பில் இட்டு அமைந்தனர்.

முதற்கண் பெயர்களைக் காண்பாம். ஆந்தையினத்தைக் குறிக்கப் பழைய நூல்களில் கூகை, குடிஞை, குரால் முதலிய சொற்கள் வழங்குகின்றன. ஆந்தை என்னும் சொல் இன்று பெருவழக்காயினும், சங்கநூல் கற்கும் மாணாக்கர் அதனை முதலிற் சந்திப்பது பிசிராந்தையார் பெயரிலேயாம். கோப்பெருஞ்சோழனொடு வடக்கிருந்த அச்சான்றோர்க்கும் இரவுப் புள்ளுக்கும் தொடர்பு யாதும் இல்லை. ஆதன் தந்தை என்பதே ஆந்தை என மருவிற்று என்பதற்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் விதி உண்டு. தேர்வுத்தாள்களில் இப்பெயருக்கு மாணாக்கர் எழுதும் விளக்கங்களைத் தொகுப்பின் அதுவே ஒரு நகைச்சுவை நூலாகும்.

மரபியலில் ஆசிரியர் கூகையை இருமுறை நினைக்கின்றார். மரத்திற் பயிலும் கூகையைக் கோட்டான் எனக் கூறுதலும் வழக்கின்கண் உண்மையின் விலக்கத்தக்கதன்று என்பது ஒன்று. கோழி, கூகை ஆகிய இரண்டன் பெண்ணுக்கு அல்லது அளகு என்னும் பெயர் பொருந்தாது என்பது மற்றொன்று. இப்பின்னைய விதி கருதற்குரியது. எத்துணையோ புள் இருப்பக் கோழியொடு கூகையை மட்டும் இணைத்தது என்னை? கோழி மனைக்கண் அடைகிடக்கும் புள். அதன் பெடையை நாள்தோறும் அண்மையிற் காணலாம். கூகையின் பெடையும் அங்ஙனம் மக்கள் கண்ணுக்கு எட்டிய இடத்தில், மனையிறப்பிலோ ஊர் மரத்துப் பொந்திலோ, முட்டைமேல் இருந்தது பற்றியே அதற்குத் தனிப்பெயர் எழுந்திருத்தல் கூடும் என்பது எம் கருத்து. குறுந்தொகை 393லும் புறநானூறு 364லும் பயிலும் 'கூகைக்கோழி' என்னும் தொடரும் இவ்விடத்து நினையத்தகும். பின்னைய பாட்டைப் பாடியவர் இயற்பெயர் மறைந்து அத்தொடராலேயே கூகைக்கோழியார் எனப்பட்டார்.

இனி, இப்பெயர்கள் ஒரு புள்ளின் பல பெயரோ, பல புள்ளின் பெயரோ? மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், சுடுகாட்டின் ஒலிகளை அடுக்குமிடத்துக் கூகையின் குரலையும் குராலின் குரலையும் சாத்தனார் தனித்தனியே எண்ணுகின்றார். இரண்டும் ஒன்றாயின் அவ்வடுக்கு வறிதாம். ஆகவே வேறு பெயர் வேறு புள்ளைக் குறித்த இடங்களும் உண்டென்பது தெளிவு. இக்காலத்து நிலையோ இன்னும் சிக்கலுடையது. அகராதிகள் கூகைக்குக் கோட்டான் என்றும் பெரிய ஆந்தை என்றும் பொருள் கூறும். இக்காலப் பறவை நூல்களோ கூகை என்னும் பெயரை முகம் வெளுத்த நடுத்தர உருவுடைய ஆந்தை ஒன்றிற்கு உரிமையாக்கியுள்ளன. வெள்ளாந்தை என்றும், அச்சத்தாற் சாக்குருவி என்றும் நாட்டுப்புறத்தார் கூறுவது இதனையே. நாமும் அதனை ஈண்டு வெள்ளாந்தை என்றே குறிப்போம். கூகை என்னும் பெயர் அதற்கு உரியதா என்பதன்றோ வினா.

அப்புள்ளை யாம் நூலில் மட்டுமன்றி நேரிலும் கண்டோம். மறைமலைநகரில் உறைவார்க்கு அது அரிதன்று. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குச் செல்லும் நெறியின் ஒருபால் உள்ள சிற்றூர்க் கோயிலின் கோபுரத்தில், சுதையுருவங்களுக்குப் பின்னுள்ள மாடம் ஒன்றில், இணையொன்று வாழ்வதாக அம்மாணாக்கரே எம்மை அழைத்துச் சென்றார். ஞாயிறு மறைந்து அரைநாழிகை சென்றபின் ஒன்று வெளிவந்தது. சிறகின் ஓசை சிறிதும் கேட்கவில்லை. தலைக்கு மேலே கடந்து சென்றதை அதன் வெண்மையாலேயே அறிந்தோம். முகம் இரண்டாகப் பிளந்து வைத்த ஆப்பிள் பழத்தின் வடிவினது. முதுகு பொன்னிறமும் சாம்பல் நிறமும் விரவியது, மார்பு வெள்ளை. காதுபோல் எழுந்து நிற்கும் இறகுக் கொம்பு இல்லை. கோட்டானிடத்தும் கொம்பன் ஆந்தையிடத்தும் காணும் அச்சந்தரும் தோற்றம் இதனிடம் இல்லை. ஓர் அமைதியான, சற்றே துயருற்ற முகம் என்றே சொல்லத் தோன்றும்.

உயிர்நூலார் ஆந்தைகளை இருபெருங் குடும்பமாகப் பகுப்பர். வெள்ளாந்தை ஏனைய ஆந்தைகளின் வேறாய சிறு குடும்பத்தைச் சார்ந்தது. 1769இல் ஸ்கோப்போலி என்பார் ஐரோப்பிய வகைக்கு 'வெண்மை' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். இந்திய வகையை 1929இல் ஹார்ட்டர்ட் என்பார் பிரித்துணர்த்தி 'ஸ்டெர்ட்டென்ஸ்' என்றார். அதற்குக் 'குறட்டை விடுவது' என்பது பொருள். முன்னவர் நிறத்தால் பெயர் வைத்தார். பின்னவர் ஓசையாற் பெயர் வைத்தார். இப்புள் ஏனை ஆந்தைகள்போல் கூவுவதன்று. பறக்குங்கால் துணி கிழிவதுபோன்ற நெடிய கரகரத்த கீச்சொலி எழுப்பும். அச்சுறின் பாம்புபோற் சீறும். கூட்டிலுள்ள குஞ்சுகள் இரைவேண்டி இரவெல்லாம் குறட்டைபோன்ற ஒலியை விடாது எழுப்பும். இவ்வொலி வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

அதன் வேட்டை வியப்புக்குரியது. 1971இல் ரோஜர் பேய்ன் வெளியிட்ட ஆய்வில், ஒளி சிறிதும் இல்லாத அறையில் உலர்ந்த இலைகளைப் பரப்பி எலியை விட்டபோது, வெள்ளாந்தை அவ்விலைச் சலசலப்பை மட்டும் கேட்டு எலியின்மேற் பாய்ந்து பற்றிற்று. எலியளவினதாய காகிதச் சுருள் ஒன்றை நூலிற் கட்டி இலைகளினூடே இழுத்தபோது அதன்மேலும் பாய்ந்தது. ஆகவே அது மணத்தையோ உடற்சூட்டையோ அறிந்து பாய்வதன்று, செவியாலேயே இடமறிகின்றது. அதன் செவித்துளைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. இடச்செவி சற்று மேலாகவும் வலச்செவி சற்றுக் கீழாகவும் அமைந்துள்ளன. ஓசை ஒரு செவிக்கு முன்னும் மற்றொன்றுக்குப் பின்னுமாக வந்துசேரும் நுண்ணிய கால வேற்றுமையால் இரை வலப்பாலதோ இடப்பாலதோ என்பதையும், இருசெவியிலும் கேட்கும் ஓசையின் வன்மை மென்மையால் அது மேலதோ கீழதோ என்பதையும் அது உணரும். முகத்தைச் சூழ்ந்த இறகு வட்டம் ஓசையைத் திரட்டிச் செவிக்குச் செலுத்தும் தட்டாகும். கேட்கும் இடங்களெல்லாம் அதன் மூளையில் ஒரு வரைபடமாகவே அமைந்திருத்தலை 1978இல் நுட்சனும் கொனிஷியும் எடுத்துக்காட்டினர். சிறகின் முன்விளிம்பிற் சீப்புப்போன்ற பற்களும், பின்விளிம்பில் மென்குஞ்சமும், மேற்பரப்பில் பட்டுப்போன்ற மென்மயிரும் இருத்தலின் பறத்தலில் ஓசை எழாது. ஓசை எழின் இரை ஓடிவிடும் என்பது மட்டுமன்று. தன் சிறகொலியே தன் செவிக்கு இடையூறாம்.

இது கூடு கட்டுவதில்லை. பொந்து, பாழ்மனை, கோபுர மாடம், கிணற்றின் உட்புழை இவற்றின் வெறுந்தரையிலேயே முட்டையிடும். நான்கு முதல் ஏழு வரை முட்டைகளை இரண்டு மூன்று நாளிடையிட்டு ஈனும். முதல் முட்டை தொட்டே பெடை அடைகாக்கத் தொடங்குதலின், ஏறக்குறைய ஒரு திங்கள் கழித்துக் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து, படிக்கட்டுப்போல் சிறிதும் பெரிதுமாக நிற்கும். அடைகாக்கும் காலமெல்லாம் சேவலே இரை கொணரும். இரையை முழுதும் விழுங்கி, செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். அக்கோபுரத்தின் அடியிற் கிடந்த அவ்வகை உருண்டைகள் சிலவற்றை மாணாக்கர் செய்தித்தாளில் மடித்துக் கொணர்ந்தார். விலங்கியல் துறை நண்பர் ஒருவர் உதவியுடன் எம் துறையின் மேசைமீதே அவற்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தோம். அகநானூற்றுப் பதிப்புகளுக்கு நடுவே எலியின் மண்டையோடுகளைப் பரப்பி வைத்தது எம்மோர்க்குப் புதுமையாகவே இருந்தது. உளிப்பல் உடைய எலி மண்டையோடுகளே மிகுதி. கூரிய சிறுபல் நிரையுடைய மூஞ்சூற்றின் மண்டையோடும் இருந்தது. காவிரிப் படுகையில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர் இவ்வுருண்டைகளை நெடுங்காலம் ஆராய்ந்து, இப்புள்ளின் உணவிற் பெரும்பங்கு எலியினமே என நிறுவியுள்ளனர்.

இத்துணையும் அறிந்தபின் பாட்டுக்குத் திரும்புவோம். அகநானூறு 122 பரணர் பாட்டு. இரவுக்குறிக்கு வரும் தலைவனைத் தடுக்கும் இடையூறுகளைத் தலைவி ஒன்றன்பின் ஒன்றாக எண்ணுகின்றாள். ஊர் துயிலாது, ஊர் துயிலின் அன்னை துயிலாள், அன்னை துயிலின் காவலர் வருவர், காவலர் துயிலின் நாய் குரைக்கும், நாய் அடங்கின் நிலவு பகல்போற் காயும், நிலவு மலையில் மறைந்து இருள் செறியின், வீட்டெலியை உணவாகவுடைய கூகை பேய் திரியும் யாமத்தே நெஞ்சழியக் குழறும், பொந்திலுள்ள சேவல் அடங்கின் மனைக்கோழி கூவிவிடும். எல்லாம் ஒருங்கே மடிந்த ஒருநாளில் தலைவன் வரவில்லை.

இப்பாட்டில் கூகை நிற்கும் இடத்தை நோக்குக. அன்னைக்கும் நாய்க்கும் கோழிக்கும் நடுவே அது எண்ணப்படுகின்றது. காட்டின் விலங்கொன்றும் இவ்வடுக்கில் இல்லை. அனைத்தும் மனையையும் தெருவையும் சார்ந்தவை. கூகைக்குப் பரணர் தந்த அடையும் அதனையே வலியுறுத்தும். அதன் உணவு வயலெலியன்று, மலையெலியன்று, வீட்டெலி. மனையகத்து எலியை நம்பி வாழும் ஆந்தை மனையின் இறப்பிலும் அண்மை மரத்திலும் வாழ்வதாதல் வேண்டும். நிலவு மறைந்தபின் அது குழறும் என்றதும் வெற்றுரையன்று. நிலவொளி அடங்கிய இருளில் இரைதேடவல்ல புள்ளே அப்பொழுது ஊரின்மேல் இயங்கும். பேய்ன் இருட்டறையில் நிறுவியதைப் பரணர் அறிந்திலர். ஆயினும் மையிருளில் இயங்கும் புள் எது என்பதை ஊரார்போல அறிந்திருந்தார். அடுத்து வரும் சேவல் என்னும் சொல் கூகையின் ஆணையே குறிக்கும் என யாம் கொள்கின்றோம். முன்னது அடங்கினால் பின்னது எழும் என்னும் அடுக்கின் அமைப்பு அப்பொருளையே வேண்டிநிற்கும். மயிலொழிந்த சிறகுடைய எவ்வுயிரின் ஆணுக்கும் சேவற்பெயர் உரித்தென்பது மரபியல் விதியாதலின் தடையும் இல்லை. ஈண்டுக் கூகை வெள்ளாந்தையே எனத் துணிவதற்கு உணவு, இடம், பொழுது ஆகிய மூன்றும் ஒருங்கு துணைசெய்கின்றன.

நற்றிணை 83 பெருந்தேவனார் பாட்டு. ஊர்வாயிலில், உண்ணுநீர்த் துறையருகே, கடவுள் உறையும் பழைய மரத்திலே எம்மோடு உடனுறைந்து பழகிய கூகையே என்று தோழி அதனை விளிக்கின்றாள். நெய்யும் ஆட்டிறைச்சியும் கலந்த வெண்சோற்றை வெள்ளெலிச் சூட்டிறைச்சியொடு நிறையத் தந்து பேணுவோம். காதலர் வரவை நோக்கித் துயிலாது கலங்கும் இப்பொழுதில் அச்சம் வரும்படி கடுங்குரல் எழுப்பாதே என்று வேண்டுகின்றாள். வளைந்த வாய், தெளிந்த கண், கூரிய நகம் என்னும் அடைகள் எவ்வகை ஆந்தைக்கும் பொருந்துவன. ஆகவே அவற்றைக்கொண்டு யாதும் துணியவியலாது. இதனைக் கூறுதல் ஏனெனின், புள்ளாய்வு செய்வார் சிலர் இத்தகைய பொதுவடைகளையே சான்றாக அடுக்கி முடிவு கூறுதலைக் காண்கின்றோம்.

நீர்த்துறை மரம் என்பது கொண்டு இது மீனுண்ணும் பூமன் ஆந்தையாகலாம் என ஒருவர் தடைகூறலாம். ஏரிக்கரைப் பெருமரங்களில் வாழ்வது அப்புள். தடை வலியுடையதே. ஆயின் தோழி தருவதாகக் கூறும் கையுறையை நோக்குக. மீனுண்ணும் புள்ளுக்கு மீனையே காட்டியிருப்பாள். கொக்குக்கும் நாரைக்கும் இரையறிந்து பாடிய மரபில் வந்த புலவர் இதனைத் தவறார். அவள் காட்டுவது எலி. செங்கற்பட்டு வட்டாரத்து உழவர் இன்றும் வெள்ளெலி என்றே வழங்கும் ஓர் எலி உண்டு. கொல்லையிலும் வரப்பிலும் வளை தோண்டி வாழ்வது. இருளர் அதனை வளையில் தோண்டிப் பிடிப்பதில் வல்லவர். பரணர் கூகை வீட்டெலியை உண்டது; பெருந்தேவனார் கூகைக்கு வயலெலி வாக்களிக்கப்பட்டது. மனைக்கும் வயலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வேட்டையாடும் வெள்ளாந்தைக்கு இவ்விரண்டும் இயைபுடையன. கடுங்குரல் என்றதும் அதன் கிழிந்த கீச்சொலிக்கு ஒக்கும்.

நெய்ச்சோறு புள்ளுக்கு ஊட்டுதல் கற்பனை என நகுவார்க்கு ஒன்று கூறுவோம். திருக்கழுக்குன்றத்து மலையுச்சியில் நாள்தோறும் நண்பகலில் பண்டாரத்தார் நெய்யும் இனிப்பும் கலந்த அன்னத்தை இரு பாறுகளுக்குத் தம் கையால் ஊட்டிவந்தனர். 1990களின் இறுதியோடு அவை வாராது ஒழிந்தன. பிணந்தின்னும் புள்ளொன்றைத் தெய்வப் புள்ளாகக் கருதிச் சோறிட்ட ஊரிலிருந்து வந்த மாணாக்கர்க்கு, கடவுள் மரத்துக் கூகைக்குத் தோழி நெய்ச்சோறு நேர்வது வியப்பாகத் தோன்றவில்லை. எமக்கே வியப்பாக இருந்தது.

இவ்வளவிற் கூகை எல்லாம் வெள்ளாந்தை என முடித்துவிடின் அது எளிது, ஆயின் உண்மையாகாது. ஏனைய பாட்டுகள் அதற்கு இடந்தரா. குறுந்தொகை 153இல் கபிலர் கூறுவது குன்றத்துக் கூகை. வெள்ளாந்தை மலைப்பாறைக்கு உரியதன்று எனக் கூறவியலாதாயினும், குன்றில் முதலிற் கேட்கும் குரல் அதனுடையதன்று. புறநானூறு 240இல், ஆய் அண்டிரன் மறைவைப் பாடும் குட்டுவன் கீரனார், பொந்துவாழ் கூகை கள்ளி படர்ந்த களத்திற் செத்தோரை அழைத்து, 'எரித்துக் குவி' எனப் பொருள்படும் சொற்களாகக் கேட்பவர் செவிக்கு ஒலிப்பதாகக் கூறுகின்றார். அசையசையாகப் பிரிந்து மீண்டும் மீண்டும் ஒலிக்கும் குரலையே மக்கள் சொல்லாக்கிக் கேட்பர். ஒரே நீண்ட கீச்சொலியைச் சொல்லாக்க இயலாது. ஆகவே புறநானூற்றுக் கூகை வெள்ளாந்தையன்று. தோப்புகளிலும் முதுமரங்களிலும் வாழ்ந்து அசைபடக் கூவும் வேறோர் ஆந்தையே என்பது எம் துணிபு.

குடிஞையின் நிலை இதனினும் தெளிவு. அகநானூறு 19இல் பொருந்தில் இளங்கீரனார் நெடுங்குன்றத்துக் குடிஞையின் குரலைத் துடியின் முழக்கோடு ஒப்பிடுகின்றார். பாறையிடுக்கில் வாழ்ந்து, மாலையில் ஈரசையாக ஆழ்ந்து முழங்கும் கொம்பன் ஆந்தையைச் செங்கற்பட்டுக் கற்குன்றுகளில் ஒருமுறை கேட்டவர்க்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாது. கூகைக்கு அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் குழறுதல் என்னும் வினையே வருகின்றது. நாக்குழறுதல், பேச்சுக்குழறுதல் என்னும் வழக்குகள் காட்டுமாறு அது தெளிவற்ற ஒலியைக் குறிப்பது, முழக்கத்தைக் குறிப்பதன்று. குடிஞைக்குப் பறையும், கூகைக்குக் குழறலும் எனப் பெரும்பான்மையும் பகுத்தே சான்றோர் வழங்கினர் எனலாம். பெருந்தேவனார் மட்டும் கூகையின் வாயையே பறை என்கின்றார். அவ்விடம் எம் கோட்பாட்டுக்கு முற்றும் இணங்கவில்லை என்பதை மறையாது கூறுகின்றோம். அதனை ஓசையின் தன்மையை அன்றி, ஊரை எழுப்பிவிடும் அதன் பயனைக் குறித்ததாகக் கொள்ளலாம், கொள்ளாமலும் விடலாம்.

திருக்குறளிற் காலமறிதல் அதிகாரத்து முதற்குறள் காக்கையையும் கூகையையும் எடுத்துரைக்கும். காக்கை தன்னினும் வலிய கூகையைப் பகலில் வெல்லும் எனப் பரிமேலழகர் உரைப்பர். கூகைக்குப் பகலிற் கண்தெரியாது என்று வகுப்பறைகளிற் கூறப்படுகின்றது. வள்ளுவர் அங்ஙனம் கூறவில்லை. ஆந்தைக்குப் பகலிலும் கண்தெரியும். காக்கைகள் கூட்டமாகச் சூழ்ந்து துரத்துதலே அதன் தோல்வி. வெள்ளாந்தை காக்கையினும் சிறிது குறுகியதாதலின், 'தன்னினும் வலிய' என்னும் உரை பெரிய ஆந்தையொன்றையே உட்கொண்டது போலும்.

ஆதலின் கூகை என்பது ஒரேயொரு புள்ளுக்கு உரிய முத்திரைப் பெயரன்று. ஊரும் தோப்பும் சார்ந்த ஆந்தை பலவற்றுக்கு அது வழங்கிற்று. எப்பாட்டில் எப்புள் என்பதை அப்பாட்டின் உணவும் இடமும் பொழுதும் குரலும் ஒருங்கு கூடியே தீர்க்கும். இக்காலப் பறவை நூலார் ஒன்றிற்கு ஒரு பெயர் வேண்டும் என்னும் தேவை பற்றி அதனை வெள்ளாந்தைக்கு வரையறுத்தது பிழையன்று. அவ்வரையறையைத் திருப்பிக்கொண்டு போய்ப் புறநானூற்றுக்கு உரையாக்குதலே பிழை. இந்நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் 1903இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில், சொற்களைக் கிடந்த இடத்தினின்று பெயர்த்துக் கூட்டும் உரைமுறையை மறுத்துப் பாட்டைப் பாட்டாகவே காணவேண்டும் என வற்புறுத்தினார். அடைமொழியைப் பாட்டினின்று பெயர்த்தெடுத்து அட்டவணையில் இடும் இக்கால வழக்கத்துக்கும் அம்மறுப்புப் பொருந்தும்.

இவ்வாராய்ச்சி சொல்லளவில் நின்றுவிடுவதன்று. பாடநூற் குறிப்புகளும் வழிகாட்டி நூல்களும் கூகையைக் கண்டவிடமெல்லாம் 'தீநிமித்தம்', 'சாவின் குறி' என எழுதுகின்றன. புறநானூற்றிலும் மணிமேகலையிலும் அது பொருந்தும். அங்கே களம் சுடுகாடு. அகநானூற்றிலும் நற்றிணையிலும் களம் மனை. அங்கே தலைவிக்கு அச்சம் சாவு பற்றியதன்று, அன்னை விழித்துக்கொள்வாளே என்பது பற்றியது. தோழி கூகையை விரட்டவில்லை. அதனுடன் உடன்படிக்கை பேசுகின்றாள். இவ்வேறுபாட்டை அழித்துவிட்டால் அப்பாட்டின் நகையும் நெகிழ்ச்சியும் ஒருங்கே போய்விடும். சுடுகாட்டுக் கூகையின் பழியை மனைக்கூகையின்மேல் ஏற்றுதல் இலக்கியப் பிழையாக மட்டும் முடிவதில்லை. தமிழ் கற்றவர் கூறும் குறிப்பு ஊரில் நெடுந்தொலைவு செல்லும். வெள்ளாந்தையைச் சாக்குருவி எனக் கல்லெறிந்து கொல்வாரும், குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்தெறிவாரும் இன்றும் உளர்.

இம்மாவட்டத்தில் இதற்கு மாறான வரலாறும் உண்டு. வேடந்தாங்கல் ஊரார் தம் ஏரிக்கு வரும் நாரைகளையும் கொக்குகளையும் வேட்டையாடாது காத்து, 1798இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் அக்காவலுக்கு எழுத்துரிமையும் பெற்றனர். புள்ளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். எலியுண்ணும் ஆந்தையின் பயன் அதனிற் குறைந்ததன்று. கரம்பை எலியும் புல்லெலியும் வயற் சுண்டெலியும் நெற்பயிருக்குச் செய்யும் கேட்டை உழவர் அறிவர். மலேயாவின் செம்பனைத் தோட்டங்களில் 1980களிலிருந்து வெள்ளாந்தைக்கென மரப்பெட்டிகள் அமைத்து வளர்க்கின்றனர். தமிழ்நாட்டு வேளாண்துறையினரும் ஆந்தை அமர்தற்கென வயலிற் கொம்பு நடுமாறு கூறுகின்றனர். வயலில் வரவேற்கப்படும் அப்புள்ளே ஊருக்குள் வந்தவுடன் தீநிமித்தமாகிவிடுகின்றது.

யாம் கண்ட கோபுரத்தில் குடமுழுக்குப் பணி தொடங்கியபொழுது மாடங்களையெல்லாம் கம்பிவலையால் அடைக்க முற்பட்டனர். புறாவின் எச்சத்தால் சுதை கெடுகின்றது என்பது அவர் கூறிய காரணம். அது நேர்மையான காரணமே. ஆயினும் ஆந்தை இருக்குமிடத்தை முதலில் அடைத்தமைக்கு வேறு காரணமும் உண்டென்பது பேச்சிற் புலனாயிற்று. முதியவர் ஒருவர், "சாமி கோபுரத்துல சாக்குருவி இருக்கலாமாங்க?" என்று எம்மையே வினவினார். யாம் நற்றிணைப் பாட்டைப் பொருளுடன் அவருக்குச் சொன்னோம். கடவுள் மரத்திலேயே கூகை இருந்ததென்பதைக் கேட்டதும் அவர் சற்று நேரம் வாளா இருந்தார். எலியைச் சுட்டுத் தருவதாக ஒரு பெண் அதனிடம் சொன்னாளா என்று மட்டும் மீண்டும் கேட்டு நகைத்தார். பின்னர்ப் பணியாளரை அழைத்து ஏதோ கூறினார்.

பணி முடிந்தபின் சென்ற தைத்திங்களில் யாமும் மாணாக்கரும் அங்குச் சென்றோம். மேற்குப்புறத்து மாடம் ஒன்று மட்டும் வலையின்றி விடப்பட்டிருந்தது. அதன் கீழே தரையில் புதிய உருண்டைகள் இரண்டு கிடந்தன. கிழக்கு மாடத்துக் குஞ்சுகள் என்னவாயின என்பதை எவரும் அறிந்திலர்.